யாராலும் படிக்க முடியாத நிரலுக்கு எதற்குப் பட்டம்?

வேண்டுமென்றே புரியாதபடி எழுதிய நிரல்களுக்குப் போட்டி வைத்துப் பட்டம் கொடுப்பது வளரும் நிரலாளர்களைக் கெடுத்துவிடாதா, அப்படிப்பட்ட நிரல்களை நடுவர்கள் எதை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தெளிவாக எழுது, மாறிக்குப் பொருள் விளங்கும் பெயர் வை, ஒரு ஃபங்ஷனுக்கு, அதாவது நிரலின் ஒரு தனிப்பகுதிக்கு, ஒரு வேலையை மட்டும் கொடு என்று முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொடுக்கும் துறையில் இப்படியொரு போட்டி நாற்பது ஆண்டுகளாக நடந்துவருவது முதல் பார்வைக்கு முரணாகத்தான் தெரியும். ஆனால் வென்ற நிரல்களில் ஒன்றையாவது உட்கார்ந்து கடைசி எழுத்துவரை பிரித்துப் பார்த்தவர், நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் ஒரு வரியை எப்படிப் படிக்கிறது என்பதைப் பாடநூல்களில் கிடைக்காத துல்லியத்தோடு கற்றுக்கொண்டுதான் எழுந்திருப்பார். என் சொந்த அனுபவமும் அதுவே. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இத்தகைய போட்டிகளில் மூத்ததும் பெயர்பெற்றதும் ஐஓசிசிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'இன்டர்நேஷனல் ஆப்ஃபஸ்கேட்டட் சி கோட் கான்டெஸ்ட்', அதாவது சி என்ற நிரல் மொழியில் வேண்டுமென்றே புரியாதபடி எழுதும் நிரல்களுக்கான சர்வதேசப் போட்டி. 1984 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை வேறொரு கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்த குழுவில் லேண்டன் கர்ட் நோல், லாரி பேசல் என்ற இருவர் தத்தம் அறையில் பிறர் எழுதிய நிரலில் பிழை தேடி அலுத்துப்போயிருந்தார்கள். பேசலின் கையில் இருந்தது, பயனர் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் போர்ன் ஷெல் என்ற நிரல். நோலின் கையில் இருந்தது பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகையின் 'ஃபிங்கர்' என்ற சிறு கட்டளை. இருவரும் தலையை ஆற்றிக்கொள்ளத் தாழ்வாரத்துக்கு வந்தபோது, யாருடைய நிரல் அதிகக் கொடுமையானது என்று பேச்சு போனது. இவ்வளவு மோசமாக எழுத வேண்டுமென்றால் எழுதியவர் மெனக்கெட்டிருக்க வேண்டும் என்று தோன்றவே, இதைவிடக் குழப்பமாக எழுத முடியுமா பாருங்கள் என்று யூஸ்நெட் என்ற அந்தக் காலத்து இணைய விவாதக் களத்தில் சவால் விட்டார்கள். போட்டி அப்படித்தான் பிறந்தது. போர்ன் ஷெல்லை எழுதிய ஸ்டீவ் போர்னுக்கு ஆல்கால் 68 என்ற நிரல் மொழியின் மீது பற்று அதிகம் என்பதால், சி மொழியின் அடைப்புக்குறிகளையெல்லாம் மேக்ரோக்களால், அதாவது கம்பைல் ஆகும்முன் வேறு எழுத்துகளாக விரியும் சுருக்கப் பெயர்களால், மறைத்து, பார்ப்பதற்கு ஆல்கால் போலத் தோன்றும் நடையில் தம் ஷெல்லை எழுதியிருந்தார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சி தெரிந்தவருக்கு அது சி ஆகத் தெரியாது, ஆல்கால் தெரிந்தவருக்கும் அது ஆல்கால் ஆகாது. நடைமுறையில் புழங்கும் நிரலே அப்படி இருந்த காலத்தில்தான், குழப்பத்தைத் தனியே எடுத்து வைத்துப் பார்க்கும் எண்ணம் எழுந்தது.

போட்டிக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு. முதல் ஆண்டில் நிரல் முழுவதும் 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்றார்கள். 2020-இல் கோப்பின் மொத்த அளவுக்கு 4096 பைட், இடைவெளி போன்ற சிலவற்றைக் கழித்தபின் 2053 பைட் என்று இரட்டை வரம்பு இருந்தது. எழுதியவர் யார் என்பது வெற்றியாளர்கள் தேர்வாகும்வரை நடுவர்களுக்குத் தெரியாது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்ற வரிசை பெரும்பாலும் கிடையாது. சிறந்த ஒற்றை வரி நிரல், விதியை மிக மோசமாக வளைத்த நிரல் என்று ஒவ்வொரு வெற்றிக்கும் அதற்கே உரிய பட்டம் சூட்டுகிறார்கள். இனி, தரம் பிரிப்பது எப்படி என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாறிகளுக்குப் பொருளற்ற பெயர் வைத்து, வரிகளை ஒட்டி, இடைவெளிகளை நீக்கிவிட்டால் நிரல் புரியாமல் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடுவர்கள் முதலில் கலைப்பது அந்தத் திரையைத்தான். நிரலை, கம்பைலருக்கு முன் ஓடும் முன்செயலிக்குள் செலுத்தி மேக்ரோக்களை விரித்துவிடுவார்கள். பிறகு வரிகளை ஒழுங்காக அடுக்கும் கருவி ஒன்றில் ஓட்டுவார்கள். இவ்வளவுக்குப் பிறகும் நிரல் பிடிகொடுக்காமல் நின்றால்தான் அதற்கு மதிப்பு. அதாவது, எழுத்தின் அலங்கோலத்தால் வரும் குழப்பத்துக்கு அங்கே விலை குறைவு. மொழியின் இலக்கணத்திலிருந்தும் நிரலின் சிந்தனையிலிருந்தும் வரும் குழப்பத்துக்கே பட்டம்.

இதை ஓர் உதாரணத்தைப் பிரித்துக் காட்டினால்தான் விளங்கும். கோர்ன் ஷெல் என்ற இன்னொரு யுனிக்ஸ் ஷெல்லை எழுதிய டேவிட் கோர்ன் 1987-இல் சிறந்த ஒற்றை வரி நிரலுக்கான பட்டம் பெற்றார். நிரல் இயங்கத் தொடங்கும் இடமான 'மெயின்' ஃபங்ஷனுக்குள் ஒரே ஒரு அச்சிடும் கட்டளை, அதாவது 'பிரின்ட்எஃப்', இருக்கிறது. அதற்கு இரண்டு உள்ளீடுகள். முதல் உள்ளீடு, முகவரிக் குறி, 'யுனிக்ஸ்' என்ற சொல், அதையடுத்துச் சதுர அடைப்புக்குள் ஒரு ஸ்ட்ரிங், அதாவது மேற்கோளுக்குள் எழுதிய எழுத்து வரிசை. அந்த ஸ்ட்ரிங்கில் ஓர் எட்டடிமான எண்ணும் (பத்துக்குப் பதில் எட்டை அடியாகக் கொண்டு எழுதும் எண்), சதவீதக் குறியும், அதை ஒட்டி 'சிக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லும் இருப்பதுபோலத் தெரியும். இரண்டாவது உள்ளீட்டில் அதே 'யுனிக்ஸ்', சதுர அடைப்புக்குள் 'ஹேவ்' என்ற ஸ்ட்ரிங், பிறகு ஒரு கூட்டல் குறி, 'ஃபன்' என்ற ஸ்ட்ரிங், கடைசியில் பதினாறடிமான எண் 60-ஐக் கழித்தல். 'யுனிக்ஸ்' என்ற மாறி எங்கும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே இது கம்பைல் ஆகாது என்றுதான் முதலில் தோன்றும். கம்பைல் ஆனாலும் 'ஹேவ் ஃபன்' என்று எதையோ அச்சிடும் என்று அடுத்து தோன்றும். நிரல் இயங்கி அச்சிடுவது 'யுனிக்ஸ்' என்ற சொல்லை.

முதல் முடிச்சு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. யுனிக்ஸ் கணினிகளில் இருந்த சி கம்பைலர்கள் அந்தச் சொல்லைத் தாமாகவே 1 என்ற மதிப்புள்ள மேக்ரோவாக வைத்திருந்தன. ஆகவே அது மாறியே இல்லை, வெறும் 1. இரண்டாவது முடிச்சு, ஒரே வகை மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் அரேக்கான சி மொழியின் இலக்கணம். 'அ' என்பது ஓர் அரே என்றால், அ[5] என்று எழுதுவதைக் கம்பைலர் 'அ-வின் முகவரியோடு 5-ஐக் கூட்டி அங்கே இருப்பதை எடு' என்று புரிந்துகொள்கிறது. கூட்டலில் எது முன், எது பின் என்பது பொருட்டில்லை என்பதால் 5[அ] என்று எழுதினாலும் பொருள் ஒன்றே. இதை அறிந்தபின் முதல் உள்ளீடு அவிழ்கிறது: 1 என்ற இடத்திலிருந்து ஸ்ட்ரிங்கைப் படி என்கிறது, அதாவது தொடக்கத்தில் உள்ள அந்த எட்டடிமான எழுத்தைத் தாண்டிப் போகச் சொல்கிறது. மிச்சம் இருப்பதில் சதவீதக் குறியும் 'எஸ்' எழுத்தும் சேர்ந்து, இங்கே ஒரு ஸ்ட்ரிங்கை நிரப்பு என்ற கட்டளை. 'சிக்ஸ்' என்று நாம் படித்த சொல் உண்மையில் அங்கே இல்லவே இல்லை. கட்டளைக்குப் பிறகு நிற்பது 'ஐ', 'எக்ஸ்' என்ற இரண்டு எழுத்துகளும் ஒரு புது வரிக் குறியும் மட்டுமே. இரண்டாவது உள்ளீட்டில், 'ஹேவ்' என்ற ஸ்ட்ரிங்கில் 1 என்ற இடத்தில் இருப்பது 'ஏ'. சி மொழி எண்ணிக்கையை 0-இலிருந்து தொடங்குவதால் அது இரண்டாவது எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் அதன் மதிப்பு 97. கடைசியில் கழிக்கும் பதினாறடிமான 60 என்பது நமது 96. ஆக, 'ஃபன்' என்ற ஸ்ட்ரிங்கின் முகவரியோடு 97-ஐக் கூட்டி 96-ஐக் கழித்தால் ஓரெழுத்து நகர்கிறது. 'எஃப்' போய் 'யு', 'என்' என்ற இரண்டு எழுத்துகள் எஞ்சுகின்றன. அவை 'ஐ', 'எக்ஸ்' எழுத்துகளுக்கு முன்னால் போய் நிரம்ப, 'யுனிக்ஸ்' அச்சாகிறது. இடையில் ஸ்ட்ரிங்கின் எல்லைக்கு வெளியே போய்த் திரும்பும் அந்தக் கூட்டலுக்குச் சி தரநிலை எந்த உத்தரவாதமும் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய கம்பைலர்களில் அது பிழையின்றி ஓடியது.

நான் இந்த வரியை முதன்முதலில் பார்த்தபோது ஒரு தாளில் எழுதிவைத்து, ஒவ்வொரு குறிக்கும் கீழே அதன் பொருளை எழுதிக்கொண்டே போனேன். அரேயும், நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயிண்டரும் பற்றி அதுவரை மனப்பாடமாக இருந்தவை அன்று கைக்கு வந்தன. ஒரு வரியில் மேக்ரோ, அரே இலக்கணம், ஆஸ்கி, எண் அடிமானம், அச்சு வடிவக் கட்டளை ஆகிய ஐந்தும் வந்து, ஐந்தும் அவசியமாகவும் இருப்பதுதான் அதன் சிறப்பு. எதையும் உருவிவிட முடியாது.

முதல் ஆண்டில் முதன்மைப் பட்டம் பெற்ற நிரல் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. சியார்ட் முல்லண்டர், ராபர்ட் வான் ரெனஸ் இருவரும் எழுதிய அந்த நிரலில் மெயின் ஃபங்ஷனே கிடையாது. அந்தப் பெயரில் ஓர் எண் வரிசை மட்டும் இருக்கிறது. சில எண்கள் பத்தடிமானத்தில், சில எட்டடிமானத்தில், சில பதினாறடிமானத்தில். கம்பைலர் முடித்தபின் பாகங்களை இணைக்கும் லிங்கர், 'மெயின்' என்ற பெயர் இருக்கிறதா என்று மட்டுமே அன்று பார்த்தது. அது ஃபங்ஷனா, தரவா என்று கேட்கவில்லை. ஆகவே கணினி அந்த எண்களையே எந்திரக் கட்டளைகளாக எடுத்துக்கொண்டு இயக்கியது. அதைவிட வியப்பு, ஒரே எண் வரிசை பிடிபி-11, வாக்ஸ் என்ற இரண்டு வேறுபட்ட கணினிகளிலும் ஓடியது. வரிசையின் முதல் எண் 277. அதை எட்டடிமானத்தில் எழுதினால் 425. பிடிபி-11 அதை 'முன்னால் தாவிப் போ' என்ற கட்டளையாகப் படித்துத் தனக்குரிய பகுதிக்குப் போய்விடும். வாக்ஸ் கணினியிலோ ஒரு ஃபங்ஷனின் முதல் இரண்டு பைட்டுகள் கட்டளையே இல்லை, செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களான பதிவகங்களில் எவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்ற குறிப்பு. ஆகவே அது அந்த எண்ணைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு அடுத்த எண்ணிலிருந்து இயங்கத் தொடங்கும். இந்த நுட்பத்துக்குப் பிறகு, குறிப்பிட்ட எந்திரத்தில் மட்டும் ஓடும் நிரல்கள் கூடாது என்று விதியை இறுக்கினார்கள். பட்டமும் கொடுத்து வழியையும் அடைப்பது இந்தப் போட்டியின் வழக்கமாகவே ஆகிவிட்டது. 1994-இல் தன்னையே அச்சிடும் உலகின் மிகச் சிறிய நிரல் என்று சிமோன் ருசின்கியெவிச் ஒரு வெற்றுக் கோப்பை அனுப்பினார். அதில் 0 பைட் இருந்தது, அது 0 பைட்டை அச்சிட்டது. விதிமீறலுக்கான பட்டம் அதற்குக் கிடைத்தது; அதற்குப் பிறகு நிரலில் 1 பைட்டாவது இருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது பிரையன் வெஸ்ட்லியின் 1988-ஆம் ஆண்டு நிரல். அடிக்கோடுகளாலும் கழித்தல் குறிகளாலும் திரையில் ஒரு வட்டம் வரைந்திருப்பார். அந்த வட்டம்தான் நிரல். இயக்கினால் 3.141 என்று பை மதிப்பை அச்சிடும். ஒவ்வோர் அடிக்கோடும் ஒரு மேக்ரோ. அது விரியும்போது மொத்த அடிக்கோடுகளை ஒரு மாறியும், வரிகளின் எண்ணிக்கையை இன்னொரு மாறியும் எண்ணிக்கொள்கின்றன. அடிக்கோடுகள் வட்டத்தின் பரப்பு, வரிகள் அதன் விட்டம். பரப்பை நான்கால் பெருக்கி விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பை. வட்டத்தில் 16 வரிகள், 201 அடிக்கோடுகள். நீங்களே வகுத்துப் பாருங்கள், 3.1406 வரும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் இன்னும் பெரிய வட்டம் வரைய வேண்டியதுதான். படமும் கணக்கும் நிரலும் ஒன்றே ஆகிவிடும் இந்த எளிமையை இன்றுவரை வியக்கிறேன்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. பழைய முன்செயலிகள் மேக்ரோவை வெறும் எழுத்தாக ஒட்டின. ஆகவே வட்டத்தில் இருக்கும் ஒரு கழித்தல் குறியும், மேக்ரோவின் தொடக்கத்தில் இருக்கும் கழித்தல் குறியும் ஒட்டிக்கொண்டு, 'ஒன்றைக் குறை' என்ற இரட்டைக் கழித்தல் குறியாக மாறின. ஒவ்வோர் அடிக்கோட்டையும் எண்ணியது அந்த இரட்டைக் குறிதான். பின்னர் வந்த, சி மொழிக்கான ஆன்சி தரநிலை, மேக்ரோ விரிந்தாலும் குறிகள் தனித்தனியே நிற்க வேண்டும் என்றது. இரண்டு கழித்தல் குறிகள் பிரிந்து நின்றால் அது எதிர்மறையின் எதிர்மறை, எதையும் குறைக்காது. ஆகவே புதிய கம்பைலரில் வரிக்கு ஒன்று மட்டுமே எண்ணப்படுகிறது; நான்கை 16-ஆல் வகுத்து 0.250 என்று விடை வருகிறது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதைப் படிக்கும் கருவி மாறியதும் பொருள் மாறிவிட்டது. பழைய நிரல்களைப் புதிய கணினிக்கு மாற்றும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வலி நன்றாகத் தெரியும்.

போட்டியிலிருந்து நடைமுறைக்கு உதவும் படைப்புகளும் வந்திருக்கின்றன. ஃபப்ரீஸ் பெலார் 2001-இல் வென்றது ஒரு சிறு சி கம்பைலரால். அது தன்னையே கம்பைல் செய்துகொள்ளும். அதை விரித்து எழுதியதுதான் டிசிசி என்ற கம்பைலர். 2013-இல் ஏட்ரியன் கேபிள் 4096 பைட்டுக்குள் ஒரு முழுப் பழைய பிசியைப் போலவே இயங்கும் நிரலை எழுதிக் காட்டினார். டாஸும் விண்டோஸ் 3.0-வும் அதில் ஓடின. யூசுகே எண்டோவின் 2012 நிரல் எழுத்துகளை நீர்த்துளிகளாகக் கொண்டு நீரோட்டத்தைக் காட்டும். அதன் மூல நிரலையே உள்ளீடாகக் கொடுத்தால், அந்த எழுத்துகளே நீராக வழிந்து கீழே தேங்கும். 1986, 1987 இரண்டு ஆண்டுகளிலும் வென்ற லாரி வால், 1987 இறுதியில் பெர்ல் மொழியை வெளியிட்டார். பெர்லுக்கே தனியாக ஒரு புதிர் நிரல் போட்டியும் 1996 முதல் 2000 வரை நடந்தது.

இனி, பழக்கம் கெடுமா என்ற கவலைக்கு வருகிறேன். நல்ல நடையின் அவசியத்தைத் தலைகீழாகக் காட்டுவதும், சி மொழியின் நுணுக்கங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதும், கம்பைலர்களைச் சோதிப்பதும் தங்கள் நோக்கம் என்று ஐஓசிசிசி வெளிப்படையாகவே சொல்கிறது. இந்த நிரல்களை எழுதியவர்கள் கவனக்குறைவால் குழப்பவில்லை. எந்த இடத்தில் வாசகரின் கண் தவறும் என்பதை அறிந்து அந்த இடத்தில் வேலை செய்திருக்கிறார்கள். அலுவலகத்தில் நாம் சந்திக்கும் மோசமான நிரல் அவசரத்தில் பிறப்பது. அதை எழுதியவருக்கே மூன்று மாதம் கழித்து அது புரியாது. இரண்டும் ஒரே மாதிரி தோன்றலாம், ஆனால் ஒன்றிலிருந்து மற்றது பிறப்பதில்லை. விடுகதை போட்டு வளர்ந்தவர்கள் பேச்சில் குழப்பமானவர்களாக ஆகிவிடுவதில்லையே.

உண்மையில் கவலைப்பட வேண்டிய போட்டி வேறொன்று. பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் கிரேவர் 2005-இல் தொடங்கிய 'அண்டர்ஹேண்டட் சி' போட்டியில் நிரல் தெளிவாக இருக்க வேண்டும், அனுபவசாலி படித்தாலும் குறை தெரியக் கூடாது, ஆனால் உள்ளே ஒரு தீமை நடக்க வேண்டும். 2008-இல் கொடுத்த பணி, படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பால் மறைக்கும் நிரலை எழுதுவது; மறைத்ததை ரகசியமாக மீட்கவும் வழி இருக்க வேண்டும். வென்ற ஜான் மீக்கம், படத்தின் நிற மதிப்புகளை எண்களாகவே எழுதிவைக்கும் ஒரு கோப்பு வடிவத்தை எடுத்துக்கொண்டார். மறைக்க வேண்டிய பகுதியில் வரும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பதிலாக 0 எழுதினார். 255 என்பது 000 ஆனது, 8 என்பது 0 ஆனது. திரையில் இரண்டும் கறுப்பு. ஆனால் கோப்பைத் திறந்து எத்தனை இலக்கம் என்று எண்ணினால், வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து முழுவதுமாகத் திரும்பக் கிடைத்துவிடும். நிரலில் சந்தேகப்படும்படி ஒரு வரிகூட இல்லை. 2015-இல் அணு ஆயுதங்களைச் சரிபார்க்கும் கருவி பொய்யான முடிவைச் சொல்ல வேண்டும் என்பது பணி. வென்ற லினுஸ் ஓகெசன், ஒரே வகைப் பெயரை ஒரு கோப்பு 8 பைட் எண்ணாகவும் இன்னொரு கோப்பு 4 பைட் எண்ணாகவும் எடுத்துக்கொள்ளும்படி செய்து அதைச் சாதித்தார்.

கோர்னின் வரியைப் பார்த்தால் யாரும் எச்சரிக்கையாகிவிடுவார்கள். மீக்கத்தின் நிரலைப் பார்த்தால் தலையசைத்து அனுமதி கொடுத்துவிடுவார்கள். 2021-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் குறிகளை நிரலில் சேர்த்து, திரையில் தெரியும் வரிசை ஒன்றாகவும் கம்பைலர் படிக்கும் வரிசை வேறாகவும் இருக்கச் செய்ய முடியும் என்று காட்டியதும் இதே வகைதான். பிறர் நிரலைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் பொறுப்பில் இருப்பவர்கள், கண் காண்பதும் கம்பைலர் காண்பதும் ஒன்றல்ல என்பதை உடம்பிலேயே உணர்ந்திருக்க வேண்டும். அந்த உணர்வை எந்த ஆபத்தும் இல்லாமல் தருவது புதிர் நிரல்கள்தான் என்பதாலேயே அவற்றை நான் மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

தொடங்க விரும்பினால் பெரிய நிரல்களுக்குப் போகாதீர்கள். ஐஓசிசிசி வென்ற நிரல்களை எழுதியவரின் விளக்கக் குறிப்போடு வெளியிடுகிறது. குறிப்பைத் திறக்காமல், ஒரு வரி நிரல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன அச்சாகும் என்று தாளில் எழுதிவையுங்கள். பிறகு முன்செயலியை மட்டும் ஓட்டி, மேக்ரோக்கள் விரிந்தபின் நிரல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதன் பிறகே கம்பைல் செய்யுங்கள். பழைய நிரல்கள் இன்றைய கம்பைலரில் தடுக்கினால், கோர்னின் வரியில் வரும் 'யுனிக்ஸ்' மேக்ரோ சில கம்பைலர்களில் இல்லாமல் போனதுபோல, எது மாறியிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் நிரலைவிட அந்தத் தேடலில் கிடைப்பது அதிகம். விடை கிடைத்த பிறகு எழுதியவரின் குறிப்பைப் படித்து, நீங்கள் எங்கே தவறாகப் படித்தீர்கள் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.